இருபத்தைந்து கூட்டி இருபத்தைந்து கழித்து

மார்ச் 3, செவ்வாய்

கடைக்குத் திரைச்சீலை வளையமும் கம்பியும் கொண்டுவந்து போடுகிறவர் முன்னால் வைத்துத்தான் சொன்னாள். அவர் போகும் வரைக்கும் பொறுத்திருக்கலாம். ஒன்பது வருஷமாக ஒரே கடையில், ஒரே மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று திரைச்சீலை தைத்து விற்கிறோம். அவள் என் கொழுந்தன் பெண்டாட்டி, எனக்கு ஓரகத்தி. உறவுக்கு மரியாதை கொடுக்காவிட்டாலும் வயசுக்காவது கொடுத்திருக்கலாம்.

"அக்கா, இனிமே டேப்பைத் தவிர வேற எந்த நம்பரையும் தொடாதீங்க. கையெடுத்துக் கும்பிடுறேன்."

நிஜமாகவே கும்பிட்டாள். வளையக்காரர் சிரிப்பை அடக்கப் பைக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

நடந்தது இதுதான். போன மாதம் அவள் காய்ச்சலில் படுத்திருந்தபோது ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார்கள். எல்லா அறைக்கும் திரைச்சீலை வேண்டும், தள்ளுபடி கொடுத்தால்தான் எடுப்போம் என்றார்கள். நான் என்ன இளிச்சவாயா? நம் வழக்கமான விலைக்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் வந்தது. அதை இருபத்தைந்து சதவீதம் ஏற்றி எழுதினேன். அதற்குக் கீழே 'இருபத்தைந்து சதவீதம் தள்ளுபடி' என்று கொட்டை எழுத்தில் போட்டேன். ஏற்றினதும் இருபத்தைந்து, இறக்கினதும் இருபத்தைந்து. அவர்களுக்கும் சந்தோஷம், நமக்கும் நஷ்டமில்லை என்று நினைத்தேன். யார்தான் நினைக்க மாட்டார்கள்?

பதினைந்தாயிரம் போயிருக்கிறதாம். எந்த ஓட்டை வழியாகப் போனது என்று அவள் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் எனக்கும் தெரிந்துவிடுமே!

மார்ச் 4

நாலு தடவை போட்டுப் பார்த்தாச்சு. ஏறின படியில்தானே இறங்கினேன்? புரியல. சனியன், புரியவே இல்ல.

மார்ச் 9, திங்கள்

பிரிந்துவிடலாம் என்கிறாள்.

இஸ்திரிப் பெட்டியின் ஒயரைச் சுற்றிக்கொண்டே, என்னமோ சாயங்காலம் மழை வரும்போல என்று சொல்கிற மாதிரி சொன்னாள். "ரெண்டு பேருக்கும் நிம்மதி அக்கா." யாருக்கு நிம்மதி? வெட்டுகிற மேசை நான் பார்த்துப் பார்த்து அடிக்கச் சொன்னது. என் இடுப்பு உயரத்துக்கு அளந்து செய்தது. அதன் முன்னால் நிற்கும்போதுதான் எனக்கு முதுகு வலிப்பதில்லை. இந்தக் கடை போனால் எனக்கு வேறு எதுவும் கிடையாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் மாமனார் துணி வியாபாரி. இரண்டு பிள்ளைகளுக்கும் எதைப் பங்கு போட்டாலும் அவரிடம் ஒரே சட்டம்தான். வெட்டுகிறவன் முதலில் எடுக்கக் கூடாது. ஒருவன் கத்தரிக்கோலைப் பிடிக்க வேண்டும், மற்றவன் தனக்குப் பிடித்த துண்டை எடுத்துக்கொள்ள வேண்டும். கடை ஆரம்பித்தபோது எங்கள் ஒப்பந்தத்திலும் அதையே எழுத வைத்தார். யார் பிரிய வேண்டும் என்கிறாளோ, அவள் பாதிப் பங்குக்கு ஒரு விலை சொல்ல வேண்டும். மற்றவள் அந்த விலைக்குத் தன் பாதியை விற்கலாம். இல்லையென்றால் அதே விலைக்கு அவள் பாதியை வாங்கிக்கொள்ளலாம். 

விலை சொல்வது அவள். எடுப்பது நான். அடுத்த மாதக் கடைசியில் சொல்கிறாளாம். அவள் முகத்தில் துளிக் கவலை இல்லை. நான் விற்றுவிட்டுப் போய்விடுவேன் என்று முடிவே கட்டிவிட்டாள்.

இவர் பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வந்ததும் சொன்னேன். "கொடுக்கறதை வாங்கிக்கிட்டு வீட்ல நிம்மதியா இரேன்" என்றார். இவரும் நிம்மதி! 

"இருந்து? உங்க சட்டைக்குப் பொத்தான் தைச்சிக்கிட்டு இருக்கணுமா?"

குனிந்து சட்டையைப் பார்த்தார். உண்மையிலேயே சட்டையில் ஒரு பொத்தான் இல்லை.

மார்ச் 13, வெள்ளி

நூலக மாடியில் பெரியவர்களுக்குக் கணக்கு வகுப்பு. வியாபாரக் கணக்கு, வீட்டுக் கணக்கு, வட்டிக் கணக்கு. செவ்வாய், வெள்ளி மாலைகளில். சேர்ந்துவிட்டேன்.

நாற்காலிகள் எல்லாம் சின்னப் பிள்ளைகள் உட்காருவது. முழங்கால் முகவாயில் இடிக்கிறது. பக்கத்தில் ஒரு முடிவெட்டுகிறவர். எதைச் சொன்னாலும் "அது எப்படி?" என்று சண்டைக்கு நிற்கிறார். எதிரில் ஒரு குழாய் ரிப்பேர்க்காரர், வந்ததிலிருந்து கொட்டாவி. டீச்சர் என்னைவிடப் பதினைந்து வயசாவது சின்னவள். நிமிஷத்துக்கு ஒரு தும்மல். தும்மிவிட்டு மன்னிப்புக் கேட்பதில்லை.

"முன்னூத்தம்பதுல பத்து சதவீதம் எவ்வளவு? நீங்க சொல்லுங்கம்மா."

எனக்குத் தெரியும். சத்தியமாகத் தெரியும். வாயில் வரவில்லை. முடிவெட்டுகிறவர் "முப்பத்தஞ்சு" என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். 

போக மாட்டேன் இனிமேல்.

மார்ச் 17, செவ்வாய்

போனேன். பணம் கட்டியாச்சே.

ஆஸ்பத்திரி விஷயத்தை யாருக்கோ நடந்த மாதிரி கேட்டேன். தும்மல் டீச்சர் உடனே விடை சொல்லித் தொலைத்திருக்கலாம். அதற்குப் பதிலாக, "எதுல இருபத்தஞ்சு?" என்றாள். 

"சதவீதத்துலதான்."

"அதான் கேக்குறேன். எதுல? ஏத்தும்போது எதுல ஏத்துனாங்க, இறக்கும்போது எதுல இறக்குனாங்க?"

எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். முடிவெட்டுகிறவருக்கு ஒரே குஷி. எனக்குக் காது சூடாகிவிட்டது. வீட்டுக்கு நடந்து வரும்போது வழியெல்லாம் டீச்சரைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஏதோ ஒரு வீட்டு ஜன்னலில் திரைச்சீலை அரையடி குட்டையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. யார் தைத்தார்களோ, கால்வாசி கூட விட்டிருக்கணும் என்று நினைத்தபோதுதான் பளிச்சென்று ஆனது. 

நாலு மீட்டர் துணி. அதில் கால்வாசி ஒரு மீட்டர். சேர்த்தால் ஐந்து. இப்போது ஐந்தில் கால்வாசி வெட்டு. ஒன்றேகால் போகும். மிச்சம் மூன்றேமுக்கால்! நாலு எங்கே இருக்கிறது? கால் மீட்டர் காணோம். ஏற்றினது சின்னத் துணியில், வெட்டினது பெரிய துணியில். நூற்றுக்கு ஆறேகால் நஷ்டம். இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்குப் பதினைந்தாயிரம். அட கடவுளே, துணியாகக் கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பேன்.

இதை டீச்சர் சொல்லித்தரவில்லை. குறித்து வைக்கிறேன். அவள் கேட்டாள், அவ்வளவுதான்.

மார்ச் 20

முடிவெட்டுகிறவர் இன்று தப்பு விடை சொன்னார். நல்ல நாள்.

மார்ச் 28, சனி

ஒன்பது வருஷத்தில் முதல்முறையாகக் கடைக் கம்ப்யூட்டரில் வரவுசெலவு பார்க்க வேண்டும் என்றேன். ஓரகத்தி நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டாள்.

"பாருங்க அக்கா, தாராளமா. ஏதாவது புரிஞ்சா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். எதற்கு மறைக்க, நான் தேடியது திருட்டைத்தான். துணி விலையில் ஏதாவது ஒட்டியிருப்பாள், வாடகையில் ஏதாவது கூட்டியிருப்பாள் என்று ஒவ்வொரு வரியாகத் தோண்டினேன். ஒன்றும் இல்லை. சுத்தம். எனக்கு எவ்வளவு சம்பளமோ அதேதான் அவளுக்கும். ஆஸ்பத்திரி நஷ்டத்தைக்கூட இரண்டு பேர் தலையிலும் பாதிப் பாதியாகப் போட்டிருக்கிறாள். திருடியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! வெறுப்பதற்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். இப்போது காரணமே இல்லாமல் வெறுக்க வேண்டியிருக்கிறது.

துணி, வாடகை, கரண்ட், எங்கள் இரண்டு பேர் சம்பளம் எல்லாம் போக வருஷத்துக்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் மிஞ்சுகிறது. மாதம் இருபதாயிரம். இது எனக்குத் தெரியவே தெரியாது. ஒன்பது வருஷமாகத் தலையைக் குனிந்துகொண்டு வெட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

வகுப்பில் மூக்குடைபட்டது. 'லாபம் என்றால் கல்லாவில் இருக்கிறதுதானே' என்று கேட்டுவிட்டேன். 

"ஐயோ, இல்லம்மா! துணிக்காரர் பணம், வீட்டுக்காரர் வாடகை, கரண்ட் பில் எல்லாம் அங்க வந்து தங்கிட்டுப் போகுது. கல்லா ஒரு பஸ் ஸ்டாண்டு மாதிரி. நிக்கிறவங்க எல்லாம் உங்க வீட்டு ஆளா?"

எல்லாரும் சிரித்தார்கள். கொட்டாவிக்காரர்கூடக் கொட்டாவியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். பஸ் ஸ்டாண்டாம். டீச்சர் வாயைப் பாரு.

ஏப்ரல் 7, செவ்வாய்

பாதியை வாங்குவதென்றால் கடன் வாங்காமல் முடியாது. என் சேமிப்பு ஒரு லட்சத்து இருபதாயிரம்தான். 

இவர் டிப்போ நண்பர் ஒருவர் வட்டிக்கு விடுகிறார். "வெறும் பத்து சதவீதம்தான், நம்ம பயல்" என்கிறார் இவர். பேங்கில் பதினாறு சதவீதம் கேட்கிறார்கள். இன்று வகுப்பில் வட்டிதான் பாடம். தும்மல் டீச்சர் பலகையில் இரண்டையும் எழுதிவிட்டு என் பக்கம் திரும்பினாள். கேட்பதற்குள் நானே சொன்னேன்: "எதுல பத்து? எதுல பதினாறு?" 

அவள் தும்மவில்லை. தலையை ஆட்டினாள்.

விஷயம் இதுதான். டிப்போ நண்பர் முழுக் கடனுக்கும் கடைசி மாதம் வரைக்கும் வட்டி போடுகிறார். பாதியைத் திருப்பிக் கட்டின பிறகும் அதே வட்டி. பேங்க் மிச்சமிருக்கிறதுக்கு மட்டும் போடுகிறது. இரண்டு வருஷத்துக்கு ஒரு லட்சம் வாங்கினால் நண்பருக்கு மாதம் ஐயாயிரம். பேங்குக்கு நாலாயிரத்துத் தொள்ளாயிரம்கூட வரவில்லை. பதினாறைவிடப் பத்துதான் அதிகம்!

வீட்டில் சொன்னேன். "பதினாறை விட பத்து கம்மின்னு கைக்குழந்தைக்கும் தெரியும். மூணு வாரம் வகுப்புக்குப் போய்ட்டு என் சிநேகிதனைத் திருடன்ங்கிறியா?"

"திருடன்னு சொல்லல. கணக்கைச் சொன்னேன்."

"என்னமோ பண்ணு. ஆழம் தெரியாம காலை விடாதே."

ஆழம் பார்ப்பதற்குத்தானே ஐயா அந்தக் குட்டி நாற்காலியில் போய் உட்காருகிறேன்! கத்தினேன். அவரும் கத்தினார். பக்கத்து வீட்டு டிவி சத்தம் குறைந்தது.

ஏப்ரல் 10, வெள்ளி

இவர் தன் தம்பியிடம் போய் உளறிவிட்டார். கடைக்குள் நுழையும்போதே ஓரகத்தி, "என்னக்கா, பள்ளிக்கூடம் போறீங்களாமே? ஹோம் ஒர்க் எல்லாம் உண்டா?" என்றாள்.

வாயில் வந்ததை விழுங்கினேன். வேறொன்று தோன்றியது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "எனக்கு எங்க ஏறுது? லாபம்னா கல்லாவுல இருக்கறதுதானே, அதுக்கு எதுக்கு இவ்வளவு கணக்கு?" என்றேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ரொம்பப் பிரியமாக, "விடுங்க அக்கா, உங்களுக்கு எதுக்கு அந்தத் தலைவலி" என்று டீ போட்டுக் கொடுத்தாள். ஒன்பது வருஷத்தில் எனக்கு அவள் போட்ட முதல் டீ. குடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது.

ஏப்ரல் 21, செவ்வாய்

முடிவு செய்துவிட்டேன். தையல் மிஷின்கள், மேசை, நீராவிப் பெட்டி, கையிருப்புத் துணி, கடைக்குக் கொடுத்திருக்கும் முன்பணம் எல்லாம் சேர்த்தால் ஐந்தரை லட்சம். அதில் பாதி இரண்டே முக்கால். அதற்கு மேல், பாதிப் பங்குக்கு வருஷம் ஒரு லட்சத்து இருபதாயிரம் லாபம் வருகிறது. அவள் போனால் அவள் சம்பளத்துக்கு வேறு ஆள் போட வேண்டும். அதைக் கழித்தும் கணக்கு நிற்கிறது. 

என் எல்லை நாலு லட்சம். அதற்கு மேல் சொன்னாள் என்றால் விற்கிறேன். அதற்கு மேல் தவணை கட்ட என்னால் முடியாது. அதற்குக் கீழே சொன்னால் வாங்குகிறேன். 

அவளுக்கு என் எல்லை தெரியாது. அவளுக்கு நான் மக்கு என்பது மட்டும் தெரியும். அதை நம்பித்தான் இருக்கிறேன். 

நாலு லட்சத்துக்கு மேல் சொல்லிவிட்டால்? நாளைக்கு அந்த மேசையைத் துடைக்கும்போது இதை நினைக்கக் கூடாது.

ஏப்ரல் 26, ஞாயிறு

கொழுந்தன் வீட்டுக் கூடம். நாங்கள் நாலு பேர். இவர் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார். கொழுந்தன் காகிதம் எல்லாம் தயாராக டைப் அடித்து வைத்திருந்தார். எனக்குத் தலைகீழாகத் தெரிந்தாலும் படிக்க முடிந்தது: 'விற்பவர்' என்ற இடத்தில் என் பெயர். விலைக்கு மட்டும் கோடு போட்டு இடம் விட்டிருந்தார்கள்.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"மூணு லட்சம்" என்றாள் ஓரகத்தி. "அக்கா கஷ்டப்படக் கூடாதுன்னு ரவுண்டா சொல்லிட்டேன்."

"வாங்கிக்கறேன்" என்றேன்.

"பணம் நாளைக்கே தந்துடறேன் அக்கா."

"பணத்தை இல்லம்மா. உன் பாதியை. மூணு லட்சம், வர்ற வெள்ளிக்கிழமை உன் கையில. பேங்குல பேசியாச்சு."

கொழுந்தன் பேனாவை மூடினார், திறந்தார். "அண்ணி, உங்களுக்கு விஷயம் சரியாப் புரியலன்னு நினைக்கிறேன்..." 

"புரியுது தம்பி. வெட்டுறது அவ, எடுக்கிறது நான். மாமா எழுதினதுதான். காகிதத்துல பேரை மட்டும் மாத்துங்க."

ஓரகத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. 

"கல்லாவுல இருக்கறதுதானே லாபம்னு கேட்டீங்களே அக்கா."

"கேட்டேன்."

"டீ போட்டுக் கொடுத்தேனே" என்றாள். எழுந்து உள்ளே போனாள். கையெழுத்துப் போட மட்டும் வந்தாள்.

திரும்பும்போது இவர், "நீயா இது?" என்றார். பொத்தான் இல்லாத அதே சட்டை.

ஏப்ரல் 27

நன்றாகத் தூங்கினேன். மனசு உறுத்துமோ என்று பார்த்தேன். உறுத்தவில்லை. டீயை நினைத்தால் மட்டும் கொஞ்சம்.

மே 30, சனி

முதல் தவணை கட்டியாயிற்று. எட்டாயிரத்து எண்ணூறு சொச்சம். கணக்குப்படி அதற்கு மேல் பதினோராயிரம் மிஞ்சியிருக்க வேண்டும். நாலாயிரம்தான் மிஞ்சியது.

வருகிறவர்கள் எல்லாம் உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள். "இன்னொருத்தங்க இல்லையா? சிரிச்சிக்கிட்டே பேசுவாங்களே?" நான் சிரிக்க முயற்சி செய்தேன். ஓர் அம்மாள் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். புதிதாகப் போட்டிருக்கும் ஆள் நல்லவள்தான், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று மூடியே வைத்திருக்கிறாள். பத்துப் பேர் வந்தால் மூன்று பேர் 'பிறகு வருகிறோம்' என்று போகிறார்கள். வருவதில்லை.

நேற்று வகுப்பில் கேட்டேன். அவள் சிரிப்பை நான் எந்த வரியில் போட்டிருக்க வேண்டும்? தும்மல் டீச்சர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கடையைத்தானே வாங்குனீங்க. அவங்களை வாங்கலையே" என்றாள்.

பையை எடுத்துக்கொண்டு பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன். கதவை அடித்துத்தான் சாத்தினேன். நான் மட்டும் என்ன சும்மாவா நின்றுகொண்டிருந்தேன் அங்கே ஒன்பது வருஷம்? என் வெட்டுக்கு எந்த வரி?

ஜூன் 30

கிழிசல் இல்லாமல், கடனைத் தவறவிடாமல் இன்னொரு மாதம். ஏழாயிரம் மிஞ்சியது. யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 11, சனி

மத்தியானம் அவள் வந்தாள். பெயிண்ட் கடை ஒன்றில் கவுண்டரில் நிற்கிறாளாம். வாசலில் செருப்பை எப்போதும் விடும் மூலையிலேயே விட்டாள். மேசையைப் பார்த்தாள், புது ஆளைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

"வீட்டுக் கூடத்துக்குக் கர்ட்டன் வேணும். பழசு கிழிஞ்சிடுச்சு."

வேறு கடை இல்லையா ஊரில்? கேட்கவில்லை. துணியைக் காட்டினேன். விலை எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தாள்.

"சொந்தக்காரங்களுக்குத் தள்ளுபடி எல்லாம் கிடையாதா?"

"போட்டிருக்கேன். இருபத்தஞ்சு கூட்டி, இருபத்தஞ்சு கழிச்சிருக்கேன்."

நிமிர்ந்து பார்த்தாள். உதடு லேசாக அசைந்தது, மனசுக்குள் போடுகிறாள்.

"ஆறேகாலா? அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

சிரிப்பாளோ என்று நினைத்தேன். இல்லை. பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். ஜன்னல் அளவு. அவளே எடுத்ததாம். பார்த்தேன். கண்ணாடியை அளந்திருக்கிறாள்! திரை மாட்டும் கம்பியை அளக்க வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை. ஒன்பது வருஷம் என் எதிரிலேயே நின்றவள்.

"இனிமே நீ டேப்பை மட்டும் தொடாதே" என்றேன். "கையெடுத்துக் கும்பிடுறேன். நானே வந்து அளக்கறேன்."

புது ஆள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எப்ப வருவீங்க?"

"நாளைக்கு."

"வாங்க" என்றாள். வாசல் பக்கம் திரும்பினாள். "டீ போட்டு வைக்கறேன்."

பாதி முன்பணம் வாங்கிக்கொண்டுதான் அனுப்பினேன்.